பயங்கரவாதத்துக்கு நீண்ட போர்தான் பதிலா? நான்கு வழிகள் குறித்த ஓர் ஒப்பீடு

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொல்லப்பட்ட மூன்றாம் நாள், படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றம் அதிபருக்கு வழங்கியது. மேலவையில் 98 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் யாருமில்லை. கீழவையில் 420 பேர் ஆதரிக்க, எதிர்த்து வாக்களித்தவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா லீ ஒருவர் மட்டுமே. அறுபதே சொற்கள் கொண்ட அந்த அதிகார வாசகத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. அதிகாரம் எதுவரை செல்லும் என்ற கெடுவும் இல்லை. ஆப்கானிஸ்தானில் தொடங்கிய படை நடவடிக்கை அதன் பேரிலேயே ஏமன், சோமாலியா, சிரியா என்று விரிந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 15 அன்று, காபூல் மறுபடியும் தாலிபான் கைக்குப் போனது.

பெரிய தாக்குதல் ஒன்று நடந்த வாரத்தில் எந்த நாட்டிலும் கேள்வி ஒரே வடிவத்தில்தான் எழும்: போர் தொடுப்பதா, பணிந்துபோவதா? இழப்பின் கொதிப்பில் பிறக்கும் கேள்வி அது. அந்தக் கொதிப்பில் நியாயமும் உண்டு. ஆயினும் அரசுகள் கடந்த அரை நூற்றாண்டில் உண்மையில் கையாண்ட வழிகள் இரண்டோடு நிற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் படையை நிறுத்தி நடத்தும் நீண்ட போர், இலக்கையும் காலத்தையும் வரையறுத்து நடத்தும் குறுகிய தாக்குதல், காவல்துறையும் உளவுத்துறையும் நீதிமன்றமும் சேர்ந்த சட்டவழி, ஆயுதக் களைவை நோக்கிய பேச்சுவார்த்தை என நான்கு வழிகள் இருக்கின்றன. எதை ஆதரிப்பது என்று முடிவுக்கு வர முடியாமல் இருப்பவர்களுக்காக, இந்த நான்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க முயல்கிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

அளவுகோலை முதலில் முடிவு செய்யாவிட்டால், ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமான ஒன்றை எடுத்துக்கொண்டு வாதத்தில் வென்றுவிடும். போரை ஆதரிப்பவர் கொல்லப்பட்ட தலைவர்களின் பட்டியலை நீட்டுவார். எதிர்ப்பவர் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையைச் சொல்வார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

முதலில் பார்க்க வேண்டியது, தாக்குதல்கள் குறைந்தனவா என்பது. அடுத்த ஆண்டில் குறைந்தனவா என்று மட்டுமல்லாமல், பத்து ஆண்டுகள் கழித்தும் குறைந்தே இருந்தனவா என்று கேட்க வேண்டும். அதோடு ஒட்டியது ஆள்சேர்ப்பு: கொல்லப்பட்டவர்களின் இடத்தை நிரப்பப் புதியவர்கள் வந்தார்களா, வந்திருந்தால் அவர்களை அனுப்பிவைத்ததில் நமது நடவடிக்கைக்கே பங்கு உண்டா? பிறகு பொதுமக்களின் உயிரிழப்பு, செலவு, சொந்த நாட்டில் குடிமக்களின் உரிமைகளுக்கு நேர்ந்த சேதம் ஆகியவை வருகின்றன. கடைசி அளவுகோல் முடிவு: நடவடிக்கை முடிந்துவிட்டது என்று யார், எந்த அடையாளத்தைக் கொண்டு அறிவிப்பார்? நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். முடிவின் அடையாளம் தெரியாத நடவடிக்கையில் மற்ற எல்லாச் செலவுகளும் வரம்பின்றி ஏறிக்கொண்டே போகும்.

இவற்றோடு, எதிரில் நிற்கும் அமைப்பின் தன்மையையும் சேர்த்துப் பார்க்காமல் பொதுவான விடை சொல்ல இயலாது. சில நூறு பேர் மறைந்து இயங்கும் குழுவும், நகரங்களைப் பிடித்து வரி வசூலிக்கும் படையும், ஒரு சமூகத்தின் நீண்டகாலக் குறையைத் தோளில் சுமந்து வரும் இயக்கமும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன. ஒரே மருந்துக்கு அவை கட்டுப்படுவதில்லை.

ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தொடக்கப்புள்ளியைத் தருகிறது. 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 குழுக்களை அது எடுத்துக்கொண்டது. பிளவுபட்டு வேறு குழுக்களாக மாறியவை நீங்கலாக, முடிவுக்கு வந்த குழுக்களில் 43 விழுக்காடு அரசியல் வழிக்குத் திரும்பியதாலும், 40 விழுக்காடு காவல்துறை, உளவுத்துறை நடவடிக்கைகளாலும் முடிந்தன. பத்து விழுக்காடு தம் நோக்கத்தை அடைந்து முடிந்தன. படைபலத்தால் முடிந்தவை 7 விழுக்காடு. பெரிய அளவில் கிளர்ச்சி நடத்திய குழுக்களை மட்டும் தனியே பார்த்தால் படைபலத்தின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக உயர்கிறது. அங்கும் அரசியல் தீர்வே பாதி. வழிகளைக் கலந்து பயன்படுத்திய இடங்களில் முடிவை ஒரே காரணத்தின் கணக்கில் எழுதுவது கடினம் என்பதால் இந்த எண்களைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படைதான் இயல்பான முதல் விடை என்ற எண்ணத்துக்கு ஆதாரம் குறைவு என்பதை மட்டும் அவை தெளிவாகக் காட்டுகின்றன.

| அளவுகோல் | நீண்ட போர் | குறுகிய தாக்குதல் | சட்டவழி | பேச்சுவார்த்தை |
|---|---|---|---|---|
| உடனடி விளைவு | அதிகம் | அதிகம் | மெதுவானது | குறைவு. இடையில் வன்முறை கூடவும் செய்யும் |
| பத்து ஆண்டு விளைவு | ஐயத்துக்குரியது | பெரும்பாலும் தற்காலிகம் | சிறு குழுக்களில் உறுதியானது | உடன்பாடு நிறைவேறினால் உறுதியானது |
| புதிய ஆள்சேர்ப்பு | தூண்டும் | பொதுமக்கள் இறந்தால் தூண்டும் | அத்துமீறினால் தூண்டும் | குறைக்கும். பிளவுக்குழு உருவாகலாம் |
| பொதுமக்கள் உயிரிழப்பு | மிக அதிகம் | இலக்கின் துல்லியத்தைப் பொறுத்தது | மிகக் குறைவு | குறைவு |
| மறைமுகச் செலவு | முன்னாள் வீரர் நலன், அகதிகள், கடன் | பதிலடி, போர் விரிவடைதல் | தவறான கைது, நீடிக்கும் வழக்கு | தண்டனையின்றி விடுவிப்பு |
| முடிவின் அடையாளம் | மங்கலானது | தெளிவானது | தீர்ப்பு | ஆயுதக் களைவு |

## நீண்ட போர்

நீண்ட போருக்கான வலுவான வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். செப்டம்பர் 11 அளவிலான இன்னொரு தாக்குதல் அமெரிக்க மண்ணில் நடக்கவில்லை. அல்காய்தாவின் பயிற்சி முகாம்கள் அழிந்தன, தலைமை சிதறியது. பயங்கரவாதிகளுக்குப் பாதுகாப்பான நிலம் கிடைக்கவிடக் கூடாது என்பது அற்பமான நோக்கமும் அல்ல.

இந்த வெற்றிகள் எப்போது கிடைத்தன என்று பார்த்தால் வாதம் திசைமாறுகிறது. போர் 2001 அக்டோபர் 7 அன்று தொடங்கியது. நவம்பரில் காபூல் வீழ்ந்தது. டிசம்பருக்குள் முகாம்கள் இல்லாமலாகின. தேடப்பட்ட முதன்மைக் குற்றவாளி தோரா போரா மலைகளிலிருந்து தப்பியதும் அதே டிசம்பரில்தான். ஒசாமா பின் லாடன் 2011 மே 2 அன்று கொல்லப்பட்டது பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில்; பல ஆண்டுகள் உளவுத்துறை ஒரு தூதரைப் பின்தொடர்ந்து கண்டுபிடித்த வீட்டில், ஒரே இரவில் நடந்த நடவடிக்கையில். அதாவது ஆப்கானிஸ்தானில் படை நின்ற காலத்தின் மிகப் பெரும்பகுதி முதல் நோக்கத்துக்கு வெளியே கழிந்தது. பயங்கரவாதத்தை ஒழிப்பது என்பது தாலிபானை ஒழிப்பது என்றாகி, பிறகு புதிய அரசொன்றைக் கட்டுவது என்றாகி, இறுதியில் கௌரவமாக வெளியேறுவது என்றானது. ஒவ்வொரு மாற்றமும் அந்தந்தக் கட்டத்தில் நியாயமாகத் தோன்றியிருக்கும். நீண்ட போரை யாரும் நீண்ட போர் என்று தேர்ந்தெடுப்பதில்லை; குறுகிய போரை நீட்டி நீட்டித்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

செலவைப் பார்ப்போம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவுத் திட்டம், ஆப்கன் போருக்கு மட்டும் ஏறத்தாழ 2.3 லட்சம் கோடி டாலர் என்றும், 2001க்குப் பிந்தைய போர்கள் அனைத்துக்கும் முன்னாள் வீரர்களின் எதிர்கால மருத்துவச் செலவையும் சேர்த்து ஏறத்தாழ 8 லட்சம் கோடி டாலர் என்றும் 2021இல் கணக்கிட்டது. அதே திட்டத்தின் மதிப்பீட்டில், இந்தப் போர்களின் களங்களில் இறந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 7,000 பேர். தற்கொலை செய்துகொண்ட படையினரும் முன்னாள் வீரர்களும் 30,000க்கும் மேல். ஆப்கானிஸ்தானில் நேரடி வன்முறையில் இறந்த பொதுமக்கள் 46,000க்கும் மேல். போர் தொடங்கிய வாரத்தில் எந்த மேடையிலும் இந்த எண்கள் பேசப்படவில்லை; பேசியிருக்கவும் முடியாது. நீண்ட போரின் பெரும் செலவு கடைசியில் வருவது என்பதாலேயே தொடக்க விவாதத்தில் அது எப்போதும் குறைத்து மதிப்பிடப்படுகிறது.

புதிய எதிரியை உருவாக்கிவிடுவது அடுத்த செலவு. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை வெளியேற்ற 1982 ஜூனில் இஸ்ரேல் லெபனானுக்குள் நுழைந்தது; அந்த இயக்கம் சில மாதங்களில் பெய்ரூட்டை விட்டு வெளியேறியும் விட்டது. ஆனால் படை 2000 மே மாதம் வரை தெற்கு லெபனானில் நின்றது. அந்த ஆக்கிரமிப்பை எதிர்த்து வளர்ந்த ஹிஸ்புல்லா, வெளியேற்றப்பட்ட இயக்கத்தைக் காட்டிலும் வலுவான எதிரியாக எழுந்தது. இராக்கில் 2003 மே மாதம் ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஒரே ஆணையில் இராக்கியப் படையைக் கலைத்து, ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோரை வேலையில்லாமல் தெருவில் விட்டது. பின்னாளில் இராக்கிலும் சிரியாவிலும் நிலம் பிடித்த ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பின் கட்டளை அடுக்குகளில் சதாம் காலப் படையதிகாரிகள் பலர் இருந்தார்கள். அதன் தலைவர் அபூபக்கர் அல்பக்தாதி 2004இல் அமெரிக்கத் தடுப்புமுகாமில் இருந்தவர்.

போரில் வெற்றி தோல்வியை அளக்கும் முறையும் கெட்டுப்போகிறது. கொலம்பியாவில் கொரில்லாக்களின் சடலங்களை எண்ணிப் படையினருக்கு விடுப்பும் பாராட்டும் தரப்பட்ட காலத்தில், ஏழை இளைஞர்களைக் கொன்று கொரில்லாக்கள் என்று கணக்குக் காட்டும் வழக்கம் பரவியது. 2002 முதல் 2008 வரை இவ்வாறு குறைந்தது 6,402 பேர் கொல்லப்பட்டதாக அந்நாட்டின் சமாதானச் சிறப்பு நீதிமன்றம் 2021இல் அறிவித்தது.

நீண்ட போர் வெல்லவே செய்யும் என்பதற்கு இலங்கையைக் காட்டுபவர்கள் பலர். தமிழில் இதை எழுதிக்கொண்டு அந்த உதாரணத்தைத் தவிர்ப்பது நேர்மையாகாது. அரசு பயங்கரவாத எதிர்ப்பு என்று பெயரிட்டு நடத்திய போர் 2009 மே மாதம் விடுதலைப் புலிகளின் முழுமையான தோல்வியோடு முடிந்தது. அதன் பிறகு அந்த அமைப்பின் தாக்குதல் நடக்கவில்லை என்பதும் உண்மை. புலிகளின் தற்கொலைத் தாக்குதல்களும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததும், 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும் மறைக்கக் கூடியவை அல்ல. ஆனால் வெற்றி எந்த விலைக்குக் கிடைத்தது? இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐநா தலைமைச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மக்கள் கூடியிருந்தபோதே குண்டுகள் விழுந்தன. சரணடைந்த பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தல்களில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். தற்காலிகமாக 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டு, போர் முடிந்த பின்னும் நீடித்தது. முழு வெற்றி பெற்ற அரசுக்கு அதிகாரப் பகிர்வு பற்றிப் பேச வேண்டிய அவசரம் இல்லாமல் போனது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1987இல் அரசியலமைப்பில் சேர்ந்த 13ஆம் திருத்தம் தரும் காணி, காவல்துறை அதிகாரங்கள் மாகாணங்களுக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. மேலும், அவ்வளவு பெரிய படையும் உளவு அமைப்பும் இருந்த அதே நாட்டில்தான் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, முன்னெச்சரிக்கைத் தகவல் கையில் இருந்தும் 250க்கும் மேற்பட்டோர் குண்டுவெடிப்புகளில் இறந்தார்கள்.

அப்படியானால் நீண்ட போர் சரியான தெரிவாக அமையும் இடமே இல்லையா? ஓரிடம் உண்டு. அமைப்பு நிலத்தைப் பிடித்து, அங்குள்ள மக்களை அடிமைப்படுத்தி, பேச்சுக்கு எந்த வாசலும் திறக்காதபோது படையைத் தவிர வேறு கருவி இல்லை. ஐஎஸ் 2014 ஜூனில் மோசூலைப் பிடித்தது. சிறுபான்மை மதத்தவரான யஸீதி மக்களைக் கொன்று, பெண்களை விற்றது. கைது ஆணையால் மோசூலை மீட்டிருக்க முடியாது. ஒன்பது மாதச் சண்டைக்குப் பின் 2017 ஜூலையில் நகரம் மீட்கப்பட்டது. பழைய நகரம் பெருமளவு இடிபாடாகிக் கிடந்தது. அங்கும் போரின் இலக்கு நிலத்தை மீட்பது என்று வரைபடத்தில் காட்டக்கூடியதாக இருந்தது.

நீண்ட போரை ஆதரிப்பதாக இருந்தால்கூட, அதிகாரம் காலாவதியாகும் தேதியைச் சட்டத்திலேயே கேட்க வேண்டும். இந்தியாவின் தடா சட்டம் 1985இல் ஈராண்டுக்கு என்று வந்து, திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 1995 மே மாதம் காலாவதியானது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் அதை நீட்டிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்குப் பயன் இருந்தது, வாக்கெடுப்புக்கு ஒரு கெடு இருந்ததால்தான். பிரிட்டனில் 1974இல் வந்த தற்காலிகச் சட்டம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டே கால் நூற்றாண்டு ஓடியதையும் மறந்துவிடக் கூடாது. கெடு இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேள்வி கேட்கும் உறுப்பினர்களும் வேண்டும்.

## இலக்கும் காலமும் வரையறுத்த தாக்குதல்

இது நீண்ட போரின் செலவின்றி அதன் பலனைத் தருவதாக வாக்களிக்கும் வழி. மாலியில் இதை ஒரே நாட்டில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. 2013 ஜனவரியில் பிரெஞ்சுப் படை தலையிட்டு, வடக்கைப் பிடித்திருந்த குழுக்களைச் சில வாரங்களில் திம்புக்துவிலிருந்தும் காவோவிலிருந்தும் விரட்டியது. மக்கள் கொடியசைத்து வரவேற்றார்கள். 2014 ஆகஸ்டில் அது பார்க்கான் என்ற காலவரையற்ற நடவடிக்கையாக மாறியது. அடுத்த எட்டு ஆண்டுகளில் வன்முறை மத்திய மாலிக்கும் புர்கினா ஃபாசோவுக்கும் நைஜருக்கும் பரவியது, மாலியில் இரண்டு ராணுவப் புரட்சிகள் நடந்தன, 2022 ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை வெளியேறியது. முதலில் வரவேற்ற மக்கள் அதற்குள் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தத் தொடங்கியிருந்தார்கள்.

இந்த வழியின் இடர், எதிரில் அணுஆயுத நாடு இருக்கும்போது பன்மடங்காகிறது. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பதிலாக 2025 மே 7 அன்று இந்தியா தொடங்கிய தாக்குதல் நான்கு நாட்களில் நின்றது. நின்றதற்கு இரு தலைநகரங்களிலும் இருந்த கணக்கும் காரணம், வெளியாரின் தொலைபேசி அழைப்புகளும் காரணம். அடுத்த முறையும் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஆளில்லா விமானத் தாக்குதல்களைத் துல்லியமானவை என்று சொல்வது வழக்கம். கருவி துல்லியமானதுதான், அதை இயக்கும் தகவல் அப்படி இருப்பதில்லை. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை எட்டு மணி நேரம் வானிலிருந்து கண்காணித்தார்கள். தண்ணீர்க் கேன்களை ஏற்றியதை வெடிபொருள் ஏற்றியதாக எடுத்துக்கொண்டு, கார் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது தாக்கினார்கள். இறந்த பத்துப் பேரில் ஏழு பேர் குழந்தைகள். காரோட்டி ஓர் உதவி நிறுவனத்தின் ஊழியர். தவறு என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே பின்னர் ஒப்புக்கொண்டது.

## சட்டவழி: காவல், உளவு, நீதிமன்றம்

பெருவில் ஒளிரும் பாதை என்ற மாவோவியக் கிளர்ச்சி இயக்கத்துக்கு எதிராகப் படை 1982 இறுதியிலிருந்து மலைக் கிராமங்களில் போரிட்டது. அந்த உள்நாட்டு வன்முறையில் ஏறத்தாழ 69,000 பேர் இறந்ததாக அந்நாட்டின் உண்மை ஆணையம் பின்னர் மதிப்பிட்டது. இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா அல்லது பிற பூர்வகுடி மொழிகளைப் பேசியவர்கள். இயக்கத்தின் முதுகெலும்பு முறிந்தது தலைநகர் லிமாவில், ஒரு குப்பைப் பையில்.

1990இல் காவல்துறைக்குள் அமைக்கப்பட்ட சிறு புலனாய்வுக் குழு ஒன்று, கீழ்த்தளத்தில் நடனப்பள்ளி நடந்த ஒரு வீட்டைக் கண்காணித்தது. அங்கே இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் மிகச் சிலர். வெளியே வந்த குப்பையோ அதைவிட அதிகமானோருக்கு உரியதாக இருந்தது. துப்புரவுத் தொழிலாளர் வேடத்தில் அந்தப் பைகளை எடுத்துச் சென்று பிரித்தபோது சிகரெட் துண்டுகளும் சொரியாசிஸ் தோல்நோய்க்கான மருந்தின் காலிக் குழாய்களும் கிடைத்தன. இயக்கத்தின் தலைவர் அபிமாயெல் குஸ்மானுக்கு அந்த நோய் உண்டு என்பது கோப்புகளில் இருந்தது. 1992 செப்டம்பர் 12 அன்று மாடியில் அவர் உயிருடன் பிடிபட்டார், ஒருவர்கூட இறக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இயக்கம் காட்டுப் பகுதிகளில் எஞ்சிய சிறு குழுக்களாகச் சுருங்கியது.

உயிருடன் பிடிபட்ட ஒருவரின் மதிப்பை மும்பையும் காட்டியது. 2008 நவம்பர் 26 தாக்குதலில் 166 பேர் இறந்தனர். வந்த பத்துப் பேரில் ஒருவனை காவல்துறை உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே தன் உடலில் குண்டுகள் பாய்ந்தபோதும் துப்பாக்கியை விடாமல் பற்றியதால் உயிருடன் பிடிக்க முடிந்தது. விசாரணையில் திரண்ட ஆதாரங்களுக்கு முன், சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் தீட்டப்பட்டது என்பதைப் பாகிஸ்தான் அரசு 2009 பிப்ரவரியில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எல்லைக்கு அப்பால் இருந்தவர்களைச் சட்டம் எட்டவில்லை என்பது இந்த வழியின் உண்மையான வரம்பு. பின்னர் 2018 முதல் 2022 வரை பாகிஸ்தான் பன்னாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்புக்கு உள்ளான நாடுகளின் பட்டியலில், இருந்த காலத்தில், அவர்களில் சிலர் பயங்கரவாத நிதி வழக்குகளில் அங்கேயே சிறை சென்றார்கள். அது மெதுவான, மனம் நிறையாத பலன், ஆனாலும் பலன்தான்.

மெதுவானது என்ற குற்றச்சாட்டுக்கு எதிரே ஓர் ஒப்பீட்டை வைக்கலாம். உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வைத்தவர்களை நியூயார்க்கின் சாதாரண நீதிமன்றம் சில ஆண்டுகளில் விசாரித்துச் சிறையில் அடைத்தது. 2001 தாக்குதலின் மூளை என்று சொல்லப்படும் காலித் ஷேக் முகமது 2003 மார்ச்சில் பிடிபட்டார். ரகசியச் சிறையில் 183 முறை நீர்ச் சித்திரவதைக்கு உள்ளாக்கப்பட்டார். சாட்சியங்கள் அதனால் கறைபட்டு, குவாண்டானாமோவின் ராணுவ ஆணையத்தில் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் விசாரணை தொடங்கவே இல்லை. சட்டத்தைத் தாண்டிச் சென்றவர்கள்தான் தாமதமாகி நிற்கிறார்கள்.

இந்த வழிக்கும் தன் கறைகள் உண்டு. பிரிட்டனில் குண்டுவெடிப்பு வழக்கில் 1975இல் தண்டிக்கப்பட்ட பர்மிங்ஹாம் அறுவர், பொய்யான வாக்குமூலங்களின் பேரில் 1991 வரை சிறையில் இருந்தார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. விரைவுச் சட்டங்களின் வலையில் யார் யார் சிக்குவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நிரபராதி ஒருவர் சிறையில் கழித்த ஆண்டுகள், அவருடைய சமூகத்தில் காவல்துறைக்குத் துப்புச் சொல்லியிருக்கக்கூடிய பலரின் வாயை அடைத்துவிடும்.

## பேச்சுவார்த்தை

இதற்கு எதிரான முதன்மை வாதம், கொலைக்குப் பரிசு தருவதாகும் என்பது. அந்த வாதத்தின் வலியை வட அயர்லாந்தில் பார்க்கலாம். 1998 உடன்பாட்டின்படி 400க்கும் மேற்பட்ட கைதிகள் முன்கூட்டியே விடுதலையானார்கள். தம் மகனைக் கொன்றவர் கடைத்தெருவில் எதிரே வருவதைப் பார்க்க நேர்ந்த குடும்பங்கள் உண்டு. உடன்பாடு கையெழுத்தான அதே ஆண்டு ஆகஸ்டில், அதை ஏற்காத பிளவுக்குழு ஓமாவில் வைத்த குண்டு 29 பேரைக் கொன்றது.

எதிர்த்தட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும். 1971 ஆகஸ்டில் அங்கே அரசு விசாரணையற்ற தடுப்புக்காவலைத் தொடங்கி முதல் வேட்டையிலேயே 342 பேரைப் பிடித்தார்கள். தகவல் பழையது, பலர் தொடர்பே இல்லாதவர்கள். அடுத்த ஜனவரியில் டெர்ரியில் ஊர்வலத்தின் மீது படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏவில் (அயர்லாந்து குடியரசுப் படை) இளைஞர்கள் வரிசையாகச் சேர்ந்தார்கள். அந்த 1972தான் முப்பது ஆண்டுகளில் மிகக் கொடிய ஆண்டு, ஏறத்தாழ 480 உயிர்கள். படை 38 ஆண்டுகள் அங்கே நின்றும் முடிக்க முடியாததை, 71 விழுக்காடு மக்கள் வாக்களித்து ஏற்ற ஓர் உடன்பாடு முடித்தது. 2005இல் ஐஆர்ஏ ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தது.

மிசோரமின் கதை இந்தியாவில் போதிய அளவு பேசப்படுவதில்லை. 1966 மார்ச்சில் கிளர்ச்சியை அடக்க ஐஸ்வால் மீது இந்திய விமானப்படையே குண்டு வீசியது. பிறகு ஊர்களைக் காலி செய்து மக்களைப் படைக் காவலின் கீழ் குடியமர்த்தினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1986 ஜூன் 30 அன்று கையெழுத்தான உடன்பாட்டின் பின் கிளர்ச்சித் தலைவர் லால்தெங்கா முதலமைச்சரானார். 1987 தேர்தலில் வென்று, 1988இல் கட்சித்தாவலால் பெரும்பான்மையை இழந்து, பதவியை விட்டு இறங்கவும் செய்தார்; 1989 தேர்தலில் தோற்றார். அவர் மீண்டும் காட்டுக்குப் போகவில்லை.

பேச்சுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: எதிர்த்தரப்பின் கோரிக்கை பகிர்ந்து கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சுயாட்சி, மொழி, நிலம், தேர்தலில் இடம் ஆகியவற்றைப் பாதி கொடுக்கலாம். உலகளாவிய இறைத் தீர்ப்பு நாளைக் கேட்பவரிடம் பாதி என்று ஒன்று இல்லை. அப்படிப்பட்ட எதிரியுடன்கூடப் பணயக் கைதிகளுக்காகப் பேச நேர்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று காஸாவுக்குக் கடத்தப்பட்ட 251 பேரில் படை நடவடிக்கையால் உயிருடன் மீட்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். உயிருடன் திரும்பிய மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் உடன்பாடுகளால் வந்தவர்கள்.

## எந்த நிலையில் எது

குழு சிறியது, நகர்களில் மறைந்து இயங்குவது, மக்கள் ஆதரவு குறைவு என்றால் சட்டவழியைத் தவிர வேறெதையும் நான் ஆதரிக்க மாட்டேன். நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்றவனைச் சாதாரண நீதிமன்றத்தில், சாதாரணச் சட்டத்தின் கீழ்தான் விசாரித்தார்கள். ஒரு சமூகத்தின் உண்மையான குறையோடு பிணைந்த இயக்கமென்றால் பேச்சுக்கான வாசலைச் சண்டையின் நடுவிலும் மூடாமல் வைத்திருக்க வேண்டும். கொலம்பியாவில் படையின் அழுத்தமும் பேச்சும் சேர்ந்தே ஃபார்க் என்ற கொரில்லா இயக்கத்தை 2016 உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தன என்பதைப் போரை எதிர்ப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். உடனடியாக நடக்கவிருக்கும் தாக்குதலைத் தடுக்கவோ, பிடிக்கவே முடியாத இடத்தில் உள்ள முகாமை அழிக்கவோ குறுகிய தாக்குதல் பயன்படும். அது முடிந்த மறுநாள் என்ன செய்வது என்ற திட்டம் இல்லாவிட்டால் அதைத் தொடங்காமலிருப்பதே மேல்.

நிலத்தைப் பிடித்து ஆளும், பேச மறுக்கும் அமைப்புக்கு எதிராக மட்டுமே நீடித்த படை நடவடிக்கையை ஏற்கலாம் என்பது என் முடிவு. நிலம் மீட்கப்பட்டதோடு படையின் வேலை முடிய வேண்டும். மிச்ச வேலை காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. சிரியாவில் 2019 மார்ச்சில் பாகூஸ் வீழ்ந்து ஐஎஸ்ஸின் கடைசி நிலத்துண்டும் போனபோது, அந்த மிச்ச வேலையை யாரும் ஏற்க முன்வரவில்லை. ஐஎஸ் பகுதிகளிலிருந்து வெளியேறியவர்களை வைத்த அல்ஹோல் முகாமில் அந்த ஆண்டு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குண்டு வீசப் பல்லாயிரம் முறை விமானங்களை அனுப்பிய அரசுகளில் சில, தம் சொந்தக் குடிமக்களைத் திரும்ப அழைத்து விசாரிக்க மறுத்து, குடியுரிமையைப் பறித்தன. குற்றம் செய்தவரையும் செய்யாதவரையும் பிரித்தறியும் விசாரணை நடக்காமலே அந்தக் கம்பிவேலிக்குள் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தார்கள். போருக்கு ஆதரவு கேட்கும் அரசிடம், பிடிபடுபவர்களை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தப்போகிறீர்கள் என்று தொடக்கத்திலேயே கேட்பது இதனால்தான் அவசியமாகிறது.